அடுத்த பெருந்தொற்றுக்கான வெளிநாட்டுப் பயண விதி: வரைவைக் கிழித்துக் காட்டுங்கள்

#1 கோப்புக்கட்டு

வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பெருந்தொற்றுக் கால வெளிநாட்டுப் பயண விதியைப் புதுப்பிக்கும் வேலை நடக்கிறது. கையில் இருப்பது 2020 மார்ச்சில் அடித்துப்பிடித்து எழுதிய ஒன்றரைப் பக்கம். மாணவர், ஆய்வு உதவியாளர், பேராசிரியர், அலுவலக ஊழியர் எல்லாருக்கும் ஒரே விதி. புதிய வரைவின் முக்கியமான நான்கு வாசகங்கள்:

அ. வெளியுறவுத் துறையின் பயண எச்சரிக்கையில் 3 அல்லது 4ஆம் நிலையில் (1 முதல் 4 வரை, 4தான் உச்சம்) உள்ள நாட்டுக்குப் பல்கலைக்கழகப் பணத்தில் பயணம் செய்யக் கூடாது.

ஆ. சொந்தப் பயணங்களைத் தவிர்க்குமாறு வலியுறுத்தப்படுகிறது.

இ. வெளிநாட்டிலிருந்து திரும்புபவர் 14 நாள் தனிமைப்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஈ. திரும்ப இயலாதவர்கள் படிப்பையோ பணியையோ தொலைவிலிருந்து தொடரலாம்.

இந்தியாவிலிருந்து வந்த மாணவர்களும் ஆய்வாளர்களும் அதிகம். 2020 முதல் 2022 வரை இந்தக் கோப்புகளைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பொதுவாகச் சொல்ல வேண்டாம், வாசகம் வாசகமாக அடியுங்கள்.

#2 இருபதாம்படிவம்

(அ) அப்படியே போனால் முதல் மாதமே படுத்துவிடும். அந்த எண்ணை ஏற்றுவதும் இறக்குவதும் வேறொருவர்.

2020 மார்ச் 19 அன்று வெளியுறவுத் துறை உலகம் முழுவதற்குமாக 4ஆம் நிலையை அறிவித்தது. ஆகஸ்ட் 6 அன்றுதான் விலக்கியது. அந்த நாலரை மாதமும் உங்கள் விதிப்படி இத்தாலியும் தடை, நியூசிலாந்தும் தடை. அடுத்து 2021 ஏப்ரலில் நிலையைக் கணக்கிடும் முறையை மாற்றி, ஏறக்குறைய 80 விழுக்காடு நாடுகள் 4ஆம் நிலைக்குப் போகும் என்றார்கள். அந்த வாரம் அந்த நாடுகளில் எல்லாம் தொற்று திடீரென ஏறிவிடவில்லை. அளவுகோல்தான் மாறியது.

சிடிசி (அமெரிக்க நோய்த் தடுப்பு மையம்) பட்டியலை நம்பினால் இன்னொரு குழி. 2020 நவம்பர் வரை அங்கே 3ஆம் நிலைதான் உச்சம். அதன் பிறகு 4 உச்சமாயிற்று. ‘3 என்றால் போகக் கூடாது’ என்று எழுதியிருந்த இடங்களில் ஒரு எழுத்துகூட மாறாமல் விதியின் பொருள் மாறிப்போனது. 2022 ஏப்ரலில் 4ஆம் நிலையை அசாதாரணச் சூழலுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நாடுவாரிக் கோவிட் அறிவிப்பையே நிறுத்திவிட்டார்கள். நிறுத்தப்பட்ட பட்டியலைக் காட்டித் தடை சொல்லும் விதி எத்தனை இணையதளங்களில் அதன் பிறகும் கிடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

எண் மணியடிக்கட்டும், தீர்ப்பை ஆள் சொல்லட்டும். நிலை 3 அல்லது 4க்குப் போனால் இன்ன பதவியில் இருப்பவர் 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் முடிவு தர வேண்டும். தராவிட்டால் பயணம் நிறுத்தப்பட்டதாகப் பொருள். அவர் விடுப்பில் இருந்தால் அடுத்து யார் என்பதும் அதே வரியில் வர வேண்டும். குழு என்று எழுதாதீர்கள்.

24 மணி நேரம் கொஞ்சம் கெடுபிடியாகத் தெரியலாம். ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளுக்கான தடை 2020 மார்ச் 11, புதன் இரவு அறிவிக்கப்பட்டு வெள்ளி நள்ளிரவில் அமலுக்கு வந்தது. இந்தியாவுக்கான தடை, பிரகடன எண் 10199, கையெழுத்தானது 2021 ஏப்ரல் 30, வெள்ளி. அமலுக்கு வந்தது மே 4, செவ்வாய் அதிகாலை 12:01. நடுவில் ஒரு சனி, ஒரு ஞாயிறு, ஒரு திங்கள்.

#3 வல்லைவெளி

மாதத்துக்கு ஒருக்காக் கூடுற குழுவெண்டால் கூட்டக் குறிப்பு எழுதி முடிக்கேக்க விமானமே நிண்டுபோயிருக்கும்.

#4 பைசாக்கணக்கு

‘பல்கலைக்கழகப் பணத்தில்’ என்று போட்டிருக்கிறீர்களே, அதில் மூன்று வகைப் பணம் இருக்கிறது. துறையின் பணம், அரசு ஆராய்ச்சி மானியம், வெளி நிறுவனமோ மாநாட்டுக்காரர்களோ நேரடியாகக் கட்டும் பணம். மூன்றாவது வகையில் போகிறவர் ‘இது உங்கள் பணமே இல்லையே’ என்று கிளம்பிவிடுவார். ‘பல்கலைக்கழக வேலையாக, யார் பணம் கட்டினாலும்’ என்று எழுதுங்கள்.

மானியப் பணத்துக்கு ரத்து வாசகம் தனியாகத் தேவை. 2020 மார்ச் 19 அன்று வெள்ளை மாளிகை நிதிநிலை அலுவலகம் எம்-20-17 என்ற சுற்றறிக்கையில், தொற்றால் ரத்தான பயணத்தில் திரும்பக் கிடைக்காத தொகையை மானியத்திலேயே எழுத இடம் கொடுத்தது. அதில் இரண்டு கொக்கி. ஒன்று, அதற்கு ஈடாகக் கூடுதல் மானியம் வரும் என்று எண்ணக் கூடாது என்றும் சொல்லியிருந்தது. இரண்டாவதில்தான் தணிக்கையில் மாட்டுவார்கள்: விமான நிறுவனம் பணத்துக்குப் பதில் பயணக் கடன் சீட்டு கொடுத்தால் அந்தச் சீட்டு மானியத்தின் சொத்து. பேராசிரியர் பெயரில் இருக்கிறதே என்று அவர் அடுத்த வருஷம் வேறு வேலைக்கு அதைப் பயன்படுத்தினால், அந்தத் தொகையை மானியக் கணக்குக்குத் திருப்ப வேண்டும். சீட்டு எண், தொகை, காலாவதி தேதி, எந்தக் கணக்கு என்று நான்கு கட்டம் உள்ள ஒரு பதிவேடு போதும். இல்லாவிட்டால் ஒன்றுமே நிற்காது.

இன்னொன்று ஃப்ளை அமெரிக்கா சட்டம். மத்திய அரசு மானியத்தில் போகிறவர் அமெரிக்க விமான நிறுவனத்தில், அல்லது அதன் எண் போட்ட சீட்டில் போக வேண்டும். தொற்றுக் காலத்தில் இந்தியாவிலிருந்து வழக்கமான சர்வதேச சேவை 2020 மார்ச் 23 முதல் 2022 மார்ச் 27 வரை நிறுத்தப்பட்டிருந்தது. ஏர் பபிள் என்ற இருநாட்டுத் தனி ஏற்பாட்டில் கிடைத்த விமானம்தான் விமானம். ‘கிடைத்ததில் ஏறினேன்’ என்பது தணிக்கையில் செல்லாது. அன்றைக்கு அமெரிக்க நிறுவனச் சீட்டு இல்லை என்பதற்கான திரைப்பிடிப்பு, தேடிய தேதியோடு, சீட்டு எடுக்கும் அன்றே கோப்பில் ஏற வேண்டும். ஆறு மாதம் கழித்துத் தேடினால் அந்தத் திரை எங்கே கிடைக்கும்?

#5 கிளிமூக்கு

(ஆ) ஒரு விதியே இல்லை. ‘வலியுறுத்தப்படுகிறது’ என்பது கல்யாணப் பத்திரிகையில் ‘அன்புடன் அழைக்கிறோம்’ மாதிரி. வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

சொந்தப் பயணத்தைத் தடுக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா என்பது தனிச் சண்டை, அதற்குள் போகாதீர்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மதுரைக்குக் கிளம்புகிறவரை எந்த விதியும் நிறுத்தாது. அவரிடம் இரண்டைத்தான் கேட்க முடியும். போவதைப் பதிவு செய்யுங்கள். திரும்ப முடியாமல் போனால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அந்த இரண்டாவது, உங்கள் வரைவில் எங்கேயும் இல்லை. மாட்டிக்கொண்ட நாட்கள் விடுப்பில் கழியுமா, சம்பளமில்லா விடுப்பா, உதவித்தொகை நிற்குமா, ஆய்வகப் பொறுப்பு யாருக்குப் போகும்? இதற்குப் பதில் எழுதினால் (ஆ)வை எடுத்துவிடலாம்.

#6 இருபதாம்படிவம்

கிளிமூக்கு சார் சொன்னதுதான் மையம். போவதற்கு அனுமதி கொடுக்கும் விதிகளைத்தான் எல்லாரும் எழுதினார்கள். 2020–21இல் கோப்பு சிக்கியதெல்லாம் திரும்பும் வழியில். விதியைத் திரும்பும் விமானத்திலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் ஒருவருக்குக் கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை:

விசா முத்திரையின் காலாவதி. அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை விசா முடிந்திருந்தாலும் தகுநிலை (சட்டப்படி தங்கும் உரிமை) கெடாது. ஆகவே பலர் அதைப் பார்ப்பதே இல்லை. வெளியே போய்விட்டால் புது முத்திரை இல்லாமல் உள்ளே வர முடியாது. 2020 மார்ச்சில் உலகெங்கும் அமெரிக்கத் தூதரகங்கள் வழக்கமான விசா சேவையை நிறுத்தின. 2021 மே தொடக்கத்தில் இந்தியாவில் மறுபடியும் நேர்காணல்கள் ரத்தாகி, மாணவர்களுக்கு ஜூன் நடுவில்தான் ஜூலை, ஆகஸ்ட் தேதிகள் திறந்தன. முத்திரை காலாவதியான ஒருவர் ஏப்ரலில் போயிருந்தால் அவர் கதி தெரியும். இந்த ஒரு கேள்விக்கு ‘காலாவதி’ என்று பதில் வந்தாலே ஆலோசகர் கையெழுத்துக்குப் போக வேண்டும்.

ஐ-20இல், அதாவது மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் சான்றுப் படிவத்தில், பயணக் கையெழுத்து. படிப்பவருக்கு 12 மாதம், ஓபிடி என்ற படிப்பு சார்ந்த வேலைப் பயிற்சியில் இருப்பவருக்கு 6 மாதம். திரும்பி நுழையும் நாளில் அது செல்லுபடியாக வேண்டும், கிளம்பும் நாளில் அல்ல. மின்னஞ்சலில் அனுப்பும் ஐ-20ஐ 2020 மார்ச்சிலேயே அனுமதித்துவிட்டார்கள். ஆகவே கூரியருக்குக் காத்திருக்கும் விதி எதுவும் வேண்டாம்.

ஐந்து மாதம். வெளிநாட்டில் ஐந்து மாதத்துக்கு மேல் இருந்தால் வழக்கமாகத் தகுநிலை முடிந்துவிடும். கோவிட் காலத்தில் செவிஸ் (அரசின் வெளிநாட்டு மாணவர் தரவுத்தளம்) பதிவு செயலில் இருந்தவர்களுக்கு இதைத் தளர்த்தினார்கள். அடுத்த தடவை தளர்த்துவார்கள் என்று நம்பி விதி எழுதக் கூடாது. ஐந்து மாதக் கடிகாரம் என்று ஒரு தேதியைப் படிவத்திலேயே போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

இணையவழி வகுப்பு. சாதாரண காலத்தில் எஃப்-1 மாணவர் தம் முழுநேரக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரு இணைய வகுப்பு அல்லது 3 கிரெடிட்தான் சேர்க்கலாம். 2020 மார்ச்சில் அதைத் தளர்த்தினார்கள். ஜூலை 6 அன்று, முழுக்க இணையத்தில் படிப்பவர் நாட்டில் இருக்கக் கூடாது என்றார்கள். ஹார்வர்டும் எம்ஐடியும் வழக்குப் போட, ஜூலை 14 அன்று திரும்பப் பெற்றார்கள். எட்டே நாள். அந்த எட்டு நாளில் பயந்து சீட்டுப் போட்டவர்களும் உண்டு. ‘மத்திய அரசின் புதிய வழிகாட்டல் வந்தால் சர்வதேச மாணவர் அலுவலகம் எழுத்தில் விளக்கும்வரை யாரும் கிளம்ப வேண்டாம்’ என்ற ஒரு வரியை வையுங்கள். அதோடு அந்த அலுவலகம் எத்தனை மணி நேரத்தில் விளக்கும் என்பதையும் வையுங்கள்.

ஒரு பின்குறிப்பு. விசா காலாவதியாகியும் கனடா, மெக்சிகோ போய் 30 நாளுக்குள் திரும்பலாம் என்ற தானியங்கிப் புதுப்பிப்பு விதியைச் சிலர் வழியாக நினைப்பார்கள். அங்கே போய் விசாவுக்கு விண்ணப்பித்தால் அந்தச் சலுகை போய்விடும். தவிர, அந்த நில எல்லைகளும் 2020 மார்ச்சில் அத்தியாவசியமற்ற பயணத்துக்கு மூடப்பட்டன.

#7 கோப்புக்கட்டு

இது வரைவின் தலையையே மாற்றுகிறது, நன்றி அக்கா. 10199 தடையில் மாணவர்களுக்கு விலக்கு இருந்ததே? எச்-1பி வேலை விசாவில் இருக்கும் முதுமுனைவர் ஆய்வாளர்களுக்கும் அதே வாசகம் போதுமா?

#8 இருபதாம்படிவம்

போதாது. ஒரே நாளில் ஒரே விமான நிலையத்தில் இரண்டு பேருக்கு இரண்டு கதை.

அந்தத் தடை, நுழைவதற்கு முந்தைய 14 நாளில் இந்தியாவில் இருந்த குடியேறா விசாக்காரர்களுக்கு. குடிமக்கள், பச்சை அட்டைக்காரர்களுக்குப் பொருந்தாது. படிப்பு 2021 ஆகஸ்ட் 1 அல்லது அதற்குப் பிறகு தொடங்கும் அல்லது தொடரும் எஃப்-1 மாணவருக்குத் தேசிய நலன் விலக்கு தானாகவே கிடைத்தது. செல்லுபடியாகும் விசா கையில் இருந்தால் தூதரகத்துக்கு எழுதவே வேண்டாம். நிபந்தனை, வகுப்பு தொடங்கும் நாளுக்கு 30 நாளுக்கு முன் நுழையக் கூடாது. ஆகஸ்ட் 23 வகுப்பு என்றால் ஜூலை 24க்கு முன் வர முடியாது. ஜூனில் கோடை ஆய்வு தொடங்குகிறது என்று பேராசிரியர் கூப்பிட்டால் அந்த விலக்கு உதவாது.

எச்-1பி ஆய்வாளருக்குத் தானியங்கி எதுவும் கிடையாது. அவர் தூதரகத்தில் விலக்குக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது தடையில்லாத மூன்றாம் நாட்டில் 14 நாள் தங்கி வர வேண்டும். கேட்பதற்கு வேண்டிய கடிதத்தைப் பல்கலைக்கழகம்தான் தர வேண்டும். அதில் என்ன இருக்க வேண்டும் என்றால், அவர் செய்யும் வேலை, அது ஏன் இங்கேயே இருந்து செய்ய வேண்டியது, வராவிட்டால் எது நிற்கும். ‘மிகச் சிறந்த ஆய்வாளர்’ என்ற பாராட்டுப் பத்திரம் வேலைக்கு ஆகாது. உயிருள்ள செல் வரிசையை யார் பார்ப்பது, கருவி நேரம் எந்தத் தேதியோடு போகிறது என்பதைப் போடுங்கள். விதியில், ‘துறைத் தலைவர் கேட்ட 2 வேலை நாளுக்குள் இந்தக் கடிதத்தைத் தர வேண்டும்’ என்று கட்டுங்கள்.

எச்-1பிக்காரருக்கு ஒரே ஆறுதல்: வெளியே கழிந்த முழு நாட்களை ஆறு வருட உச்சவரம்பில் மீட்டுக்கொள்ளலாம். அதற்குப் போர்டிங் பாஸ், கடவுச்சீட்டு முத்திரைப் பக்கங்களை வைத்திருக்கச் சொல்லுங்கள்.

#9 வல்லைவெளி

கனடாவில இதே கதை வேற மாதிரி. 2020 அக்டோபர் 20இல இருந்து, மாகாணம் கோவிட் திட்டத்தை அங்கீகரிச்ச கல்வி நிறுவனங்களின்ட மாணவர் மட்டும் வரலாம் எண்டு விட்டினம். அப்ப பல்கலைக்கழகத்தின்ட திட்டம் சரியில்லையெண்டால் பிள்ளையின்ட விசா சரியா இருந்தும் வர ஏலாது. தனிமைப்படுத்தும் இடம், சாப்பாடு, விமான நிலையத்தில இருந்து கூட்டிவாற வாகனம், உடம்புக்கு ஏலாட்டி ஆருக்கு அறிவிக்கிறது, இவ்வளவும் அந்தத் திட்டத்தில எழுத வேணும். இதை நான் நல்ல ஏற்பாடு எண்டுதான் சொல்லுவன். வருகைப் பொறுப்பைப் பல்கலைக்கழகத்தின்ட தலையில வைச்சது.

2021 பெப்ரவரி 22இல இருந்து ஆகஸ்ட் 9 வரைக்கும் முன்பணம் கட்டின ஹோட்டலில மூண்டு இரவு கட்டாயம். ஏப்ரல் 22 இந்தியாவில இருந்து நேரடி விமானத்தையும் நிப்பாட்டினவை. மூண்டாம் நாடு வழியா வாறதெண்டால் அந்த மூண்டாம் நாட்டில எடுத்த பிசிஆர் முடிவு வேணும், இந்தியாவில எடுத்தது செல்லாது. இதிலதான் கனபேர் மாட்டினது. இடைத்தங்கல் விமான நிலையத்துக்குள்ளயே சோதனை எடுக்க ஏலாட்டி, அந்த நாட்டுக்குள்ள இறங்க விசா வேணும். அந்த விசா இல்லாமல் சீட்டை மட்டும் வாங்கிப்போட்டு நிண்டால் என்ன செய்யிறது? செப்டம்பர் 27 நேரடி விமானம் திரும்பத் தொடங்கேக்க, டெல்லி விமான நிலையத்தில இருக்கிற ஜீன்ஸ்டிரிங்ஸ் ஆய்வகத்தில, புறப்பட 18 மணித்தியாலத்துக்குள்ள எடுத்த சோதனை எண்டு நிபந்தனை. சென்னையில இருந்து வாற பிள்ளை ஒரு நாள் முன்னமே டெல்லிக்குப் போய்ச்சேர வேணும், அங்க தங்கவும் வேணும்.

உங்கட விதியில ‘இடைத்தங்கல்’ எண்டு ஒரு பத்தி வேணும், தம்பி. புறப்படும் நாட்டின்ட விதி, சேருற நாட்டின்ட விதி இரண்டும் பாக்கினம். நடுவில இருக்கிற நாட்டை ஒருத்தரும் பாக்கிறேல்லை.

#10 செங்கால்நாரை

ஆஸ்திரேலியாவையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். குடிமக்களும் நிரந்தர வசிப்பாளர்களும் வெளியே போவதற்கே 2021 நவம்பர் 1 வரை விலக்கு வாங்க வேண்டியிருந்தது. மாணவர் விசாக்காரர் யாரிடமும் கேட்காமல் கிளம்பலாம். திரும்பி வரத்தான் வழியில்லை. எல்லை மூடியது 2020 மார்ச் 20, தடுப்பூசி போட்ட மாணவர்களுக்குப் பொதுவாகத் திறந்தது 2021 டிசம்பர் 15. போவதற்குத் தடையில்லை என்பதை அனுமதி என்று எடுத்துக்கொண்டவர்கள் முனைவர் பட்டத்தின் பாதியைச் சமையலறை மேசையில் முடித்தார்கள்.

2021 மே 3 முதல் 15 வரை இந்தியாவில் 14 நாளுக்குள் இருந்தவர் குடிமகனே ஆனாலும் வரக் கூடாது, மீறினால் 5 ஆண்டு சிறை அல்லது 66,600 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் வரை என்று இருந்தது. அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஊழியருக்கு விதி வேண்டாம் என்று நினைக்காதீர்கள். அவர் போகும் நாடு என்ன செய்யும் என்பதும் உண்டு.

#11 முன்னெழுத்து

ஒரு சின்ன விஷயம், ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு இதுதான் பெரிய விஷயம்: பெயர். தடுப்பூசிச் சான்றிதழில் ‘கே. முருகன்’, கடவுச்சீட்டில் ‘முருகன் கந்தசாமி’, விசாவில் இன்னொன்று. இதற்கு விதியில் இடம் உண்டா?

#12 இருபதாம்படிவம்

கட்டாயம் வேண்டும், நல்ல வேளை ஞாபகப்படுத்தினீர்கள்.

கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக, ‘முருகன்’ மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் அது குடும்பப்பெயராகப் போய், முதற்பெயரில் ‘எஃப்என்யூ’ (முதற்பெயர் தெரியவில்லை) ஏறும். விமானச் சீட்டில் ‘முருகன் முருகன்’ என்று அடிப்பவர்களும் உண்டு. இதற்கு மேல் கோவின் (இந்திய அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளம்) சான்றிதழ் ஆதாரில் உள்ளபடி முன்னெழுத்தோடு வரும், சோதனைக்கூடம் தொலைபேசியில் சொன்னதை எழுதும். நான்கு தாளில் நான்கு ஆள்.

சிடிசி 2021 ஜனவரி 26 முதல் கேட்ட சோதனை முடிவில் முழுப்பெயரோடு பிறந்த தேதி அல்லது கடவுச்சீட்டு எண் போன்ற இன்னொரு அடையாளம், மாதிரி எடுத்த தேதி, சோதனையின் வகை, கொடுத்த நிறுவனம், முடிவு இவை இருக்க வேண்டும். கடவுச்சீட்டு எண் இருந்துவிட்டால் பெயரில் உள்ள சின்ன வித்தியாசம் பெரிதாகாது. ஆகவே ஒரே அறிவுரை: சோதனைக்கூடத்தில் கடவுச்சீட்டை நீட்டி, எண்ணையும் அறிக்கையில் அச்சடிக்கச் சொல்லுங்கள். கோவினில் 2021 ஜூனில் கடவுச்சீட்டு எண்ணைச் சேர்க்கவும் பெயரைத் திருத்தவும் வழி வந்தது. முழுப் பிறந்த தேதியோடு சர்வதேசச் சான்றிதழ் அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில்தான். முதலில் அதில் வயது கணக்கு மட்டுமே. அப்படியொரு சான்றை ‘பிறந்த தேதி இல்லை’ என்று திருப்பியனுப்பும் பல்கலைக்கழகத் தடுப்பூசிப் பதிவு மென்பொருள்மேல் மாணவர் என்ன செய்ய முடியும்? ஆள் பார்த்து ஏற்கும் வழி ஒன்று வேண்டும்.

எந்தத் தடுப்பூசி என்பதையும் எழுதுங்கள். ‘எஃப்டிஏ அனுமதித்தது’, அதாவது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்றது, என்று மட்டும் போட்டால் கோவிஷீல்டு வெளியே நிற்கும். ‘அல்லது உலக சுகாதார நிறுவனத்தின் அவசரப் பட்டியலில் உள்ளது’ என்று சேர்த்தால் உள்ளே வரும், 2021 பிப்ரவரியிலேயே அது பட்டியலில் இருந்தது. கோவாக்சின் சேர்ந்தது நவம்பர் 3. அந்த ஆகஸ்டில் கோவாக்சின் போட்டுக்கொண்டு வந்தவர்களுக்கு மறுபடி முதல் ஊசியிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். கடைசி ஊசிக்குப் பிறகு குறைந்தது 28 நாள் இடைவெளி.

இடைவெளியைப் பற்றியும் ஒரு வரி. இந்தியாவில் அப்போது கோவிஷீல்டு இரண்டாம் ஊசிக்கு 84 நாள். வெளிநாடு போகும் மாணவர்களுக்கு 28 நாளுக்குப் பின் போடலாம் என்று சுகாதார அமைச்சகம் ஜூன் 7 அன்று தனி நடைமுறை கொண்டுவந்தது. சேர்க்கைக் கடிதம் காட்ட வேண்டும், பயணம் ஆகஸ்ட் 31க்குள். பல்கலைக்கழகம் ஐ-20ஐ ஜூலைவரை இழுத்தால் இந்தச் சலுகை கைநழுவும். உங்கள் அலுவலகத்துத் தாமதம் இன்னொரு நாட்டுக் காலக்கெடுவில் இடிக்கும்.

#13 பைசாக்கணக்கு

(ஈ)க்கு வருகிறேன். ‘பணியைத் தொலைவிலிருந்து தொடரலாம்.’ எழுதியவர் சம்பளப் பிரிவைக் கேட்டாரா?

வரிக்கணக்கில் சம்பளம் எங்கே வேலை செய்யப்பட்டதோ அந்த நாட்டின் வருமானம். ஆய்வு உதவியாளர் கோயம்புத்தூரில் உட்கார்ந்து அமெரிக்க ஆய்வகத்துக்குத் தரவு அலசினால், வரிக்கு வெளிநாட்டவராக இருப்பவருக்கு அது அமெரிக்க மூல வருமானம் இல்லை. வழக்கமான பிடித்தத்தைப் பிடித்துக்கொண்டே போனால் தவறு, பிடிக்காமல் விட்டு இந்தியப் பக்கத்தைப் பார்க்காவிட்டாலும் தவறு. பல இடங்களில் சம்பளமே கிடையாது என்று கதவைச் சாத்தியதற்கு இதுதான் காரணம். படிப்பது வேறு, சம்பளத்துக்கு வேலை பார்ப்பது வேறு. (ஈ)யை இரண்டாக உடையுங்கள். படிப்புக்கு ‘தொடரலாம்’. வேலைக்கு ‘நாடு, நாள் எண்ணிக்கை, வேலையின் தன்மை மூன்றையும் எழுதி முன் அனுமதி பெற்ற பின்’. அனுமதிக்கு ஒரு உச்ச நாள் கணக்கு, அது முடிந்தால் என்ன என்பதும் சேர்த்து.

மடிக்கணினி. பல்கலைக்கழகக் கருவி எல்லை தாண்டினாலே ஏற்றுமதிதான். சாதாரணக் கணினிக்கு இந்தியா போக உரிமம் பெரும்பாலும் தேவைப்படாது. கட்டுப்பாடுள்ள மென்பொருளோ தொழில்நுட்பத் தரவோ அதில் இருந்தால் கேள்வி வரும். தொழிற்கருவி என்ற தற்காலிக விலக்கில் போனது ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும். 2020 மார்ச்சில் இரண்டு வாரம் என்று கிளம்பியவரின் பைக்குள் இருந்த கணினிக்கு அந்த ஒரு வருடம் 2021 மார்ச்சில் முடிந்தது. ஊரிலிருந்து திரும்ப வழியில்லாத ஆளிடம் கணினியைக் கேட்பது எப்படி என்பதை எந்த விதியும் யோசிக்கவில்லை.

#14 கிளிமூக்கு

(இ): எண்ணை வாசகத்தில் வைக்காதீர்கள், இணைப்பில் வையுங்கள். 14 என்று எழுதினார்கள். 2020 டிசம்பரில் சிடிசி, சோதனை இல்லாமல் 10, எதிர்மறை முடிவோடு 7 என்ற வழிகளையும் கொடுத்தது. விதியைத் திருத்த ஆட்சிக்குழுவுக்குப் போக வேண்டியிருந்த இடங்களில் ஜனவரி மாணவர்கள் 14 நாளே இருந்தார்கள்.

எங்கே தனிமை என்பதுதான் முக்கியம். விடுதி திறப்பது வகுப்புக்குச் சில நாள் முன். 30 நாள் முன் நுழையலாம் என்ற சலுகையை வைத்துக்கொண்டு அவர் எங்கே தங்குவார்? பொதுக் குளியலறை உள்ள விடுதி அறை தனிமை அறை ஆகாது. தனிக் குளியலறை உள்ள அறைகளை எண்ணுங்கள். அதைத் தனிமை நாட்களோடும் ஒரு அறையைச் சுத்தம் செய்ய ஆகும் ஒரு நாளோடும் வைத்துக் கணக்குப் போடுங்கள். 20 அறை, 7 நாள், சுத்தத்துக்கு 1 நாள் என்றால் 24 நாளில் 60 பேர். அறுபத்தோராவது ஆளுக்கு என்ன பதில்?

#15 பைசாக்கணக்கு

காப்பீடு பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. தொற்று செய்தியில் வந்த பிறகு வாங்கும் சாதாரணப் பயணக் காப்பீடு ரத்துக்குப் பணம் தராது. ‘தெரிந்த நிகழ்வு’ என்று ஒதுக்கிவிடுவார்கள். 2020இல் ஜனவரி கடைசியிலேயே பல நிறுவனங்கள் அப்படி அறிவித்துவிட்டன. ‘எந்தக் காரணத்துக்கும் ரத்து’ என்ற கூடுதல் பிரிவுதான் கைகொடுக்கும். அதை வழக்கமாக முதல் பணம் கட்டிய 14 முதல் 21 நாளுக்குள் வாங்க வேண்டும். கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்ய வேண்டும். கிடைப்பது 50 முதல் 75 விழுக்காடு. மிச்சம் யாருடையது என்று விதியில் எழுதிவிடுங்கள், பின்னால் சண்டை வராது.

#16 கோப்புக்கட்டு

எல்லாருக்கும் நன்றி. (ஆ) போய்விட்டது. (ஈ) இரண்டானது. (இ)யின் எண்கள் இணைப்புக்குப் போயின, அறைக் கணக்கு அதில் சேர்ந்தது. (அ)வுக்குப் பதில் ‘திரும்பும் திட்டம்’ என்ற ஒரு பக்கப் படிவம் வருகிறது. விசா முடியும் தேதி, பயணக் கையெழுத்துத் தேதி, ஐந்து மாதத் தேதி, இடைத்தங்கல் நாடும் அதன் விதியும், மாட்டிக்கொண்டால் சம்பளமும் வேலையும், முடிவெடுப்பவரும் அவருக்கு மாற்றும். சோதனை வாசகம் இப்படி: ‘புறப்படுவதற்கு 3 நாளுக்குள் எடுத்த சோதனை.’

#17 வல்லைவெளி

நாளோ மணித்தியாலமோ? கனடா 72 மணித்தியாலம் கேட்டது, அதுவும் கனடாவுக்கு வாற கடைசி விமானம் புறப்படுற நேரத்தில இருந்து. அமெரிக்கா கேட்டது நாள்.

#18 இருபதாம்படிவம்

சரியாகச் சொன்னீர்கள். நாள் என்றால் 19ஆம் தேதி பகல் ஒரு மணி விமானத்துக்கு 16ஆம் தேதி காலை எடுத்ததும் செல்லும். 72 மணி நேரம் என்றால் அதே சோதனை செல்லாது. 2021 டிசம்பர் 6 முதல் அமெரிக்காவும் ஒரு நாளாகக் குறைத்தது. எண்ணையும் அலகையும் இணைப்பில் வையுங்கள்.

#19 கிளிமூக்கு

எந்த ஊர் நாள்? சென்னையில் 16 விடியும்போது சிகாகோவில் இன்னும் 15.

#20 கோப்புக்கட்டு

புறப்படும் ஊர் நாள். சேர்த்துவிட்டேன்.